வீட்டிலேயே பிபி பார்ப்பது, குறைப்பது, மாத்திரையோடு பழகுவது: புதிதாகத் தொடங்குவோருக்கு

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று மாலையே வீட்டுக்கு மெஷின் வந்துவிட்டது. முதல் முறை பார்த்தபோது மேல் அளவு 158. உடனே மறுபடி பார்த்தோம், 149. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை, 163. அப்பாவுக்கு முகம் வெளிறிப்போனது. மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் கெட்டிருந்தது மெஷின் இல்லை. அவர் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, கையையும் தொங்கவிட்டு, "எவ்வளவு, எவ்வளவு" என்று கேட்டபடியே உட்கார்ந்திருந்தார். அப்படி எடுத்த மூன்று அளவுமே நம்பத்தக்கவை அல்ல.

அதனால் உணவு, நடை, மாத்திரை எல்லாவற்றுக்கும் முன்னால் அளக்கக் கற்றுக்கொள்வோம். அளவு தப்பானால் அதை வைத்து எடுக்கும் முடிவும் தப்பாகும்.

படி 1: இரண்டு எண்களும் என்ன சொல்கின்றன

மேல் அளவு, இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது ரத்தக் குழாயில் இருக்கும் அழுத்தம். கீழ் அளவு, அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கும்போது இருக்கும் அழுத்தம். 120/80க்குக் கீழே இருந்தால் இயல்பு. மருத்துவரிடம் பார்க்கும்போது வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் ரத்த அழுத்தம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017இல் அந்தக் கோட்டை 130/80க்கு இறக்கின. வீட்டில் எடுக்கும் சராசரிக்கு 135/85 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கோடு. உங்களுக்கு எது இலக்கு என்பதை வயது, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மெஷின்

மேல் கையில் பட்டை சுற்றும் தானியங்கி மெஷின் போதும். மணிக்கட்டில் கட்டுவது கை கொஞ்சம் இடம் மாறினாலே அளவை மாற்றிக் காட்டும், அதைத் தவிர்க்கலாம். பட்டையின் அளவைக் கட்டாயம் பாருங்கள். பருமனான கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை ஒரு டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பவர்களுக்கு இந்த மெஷின்கள் சில நேரம் சரியாகக் காட்டாது. அவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

படி 3: அளக்கும் முறை

இதில் அவசரப்படாதீர்கள். மொத்தமே பத்து நிமிட வேலைதான்.

காபி, டீ, புகை, உடற்பயிற்சி இவற்றுக்குப் பிறகு அரை மணி நேரமாவது போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். அடக்கி வைத்திருந்தால் அழுத்தம் ஏறும். முதுகு சாயும் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். போனும் வேண்டாம்.

பட்டையைச் சட்டைமேல் சுற்றாமல் வெறும் தோலில் சுற்றுங்கள். கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும். கையை மேசைமேல் வைத்து, பட்டை நெஞ்சின் நடு உயரத்துக்கு வருமாறு பாருங்கள். மேசை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணையை மடித்து வையுங்கள். கை பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தாலே அளவு ஏழெட்டுப் புள்ளி கூடிவிடும். எங்கள் வீட்டில் அப்பாவின் கை தொங்கிக்கொண்டிருந்த கதை அதுதான்.

பொத்தானை அழுத்தியதும் பட்டை இறுகும், கை லேசாக மரத்துப்போகிற மாதிரி இருக்கும், அப்புறம் மெல்லத் தளரும். அந்த நேரத்தில் நீங்களும் பேசக்கூடாது, பக்கத்தில் இருப்பவரும் எதையும் கேட்கக்கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள்.

முதல் நாள் மட்டும் இரண்டு கைகளிலும் பார்த்து, எந்தக் கையில் அதிகம் வருகிறதோ அதிலேயே தொடருங்கள். வித்தியாசம் எப்போதும் 15 புள்ளிக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 4: ஏழு நாள் நோட்டு

காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் இரண்டு முறை, மாலை அல்லது இரவில் இரண்டு முறை. ஏழு நாள் இப்படி எழுதுங்கள். முதல் நாள் பதற்றத்தில் வந்த எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி போட்டால் வருவதுதான் உங்கள் ரத்த அழுத்தம். சிலருக்கு டாக்டரைப் பார்த்தாலே ஏறும், வீட்டில் இயல்பாக இருக்கும். சிலருக்கு நேர்மாறாக, அங்கே இயல்பு, வீட்டில் அதிகம். இந்த இரண்டாவது வகை கண்ணில் படாமலே போய்விடும் என்பதால்தான் இந்த நோட்டை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஏழு நாளுக்குப் பிறகு மணிக்கொரு தரம் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பயம் அழுத்தத்தை ஏற்றும், ஏறிய எண் பயத்தைக் கூட்டும்.

படி 5: உப்பு

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். நாம் சமையலில் போடுவது, தட்டில் தூவுவது, பாக்கெட்டில் ஒளிந்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. பாக்கெட்டில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை 2.5ஆல் பெருக்குங்கள். 100 கிராமுக்குச் சோடியம் 800 மில்லிகிராம் என்றால் உப்பு 2 கிராம். அதில் 50 கிராம் சாப்பிட்டாலே உப்பு 1 கிராம், அதாவது அன்றைய பங்கில் ஐந்தில் ஒன்று.

ஒரேயடியாக உப்பை நிறுத்தினால் நாலு நாளில் வெறுத்துப்போகும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். கூடவே காய்கறி, பழம், பருப்பு வகை, கொழுப்பு குறைந்த பால் பொருட்களைக் கூட்டுங்கள். 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படிப்பட்ட உணவும் உப்புக் குறைப்பும் தனித்தனியாகவே அழுத்தத்தைக் குறைத்தன. இரண்டும் சேர்ந்தபோது பலன் இன்னும் கூடியது.

ஓர் எச்சரிக்கை. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும், சில வகை பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

படி 6: நடை, எடை, புகை, தூக்கம்

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற வேகம் சரி. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் கணக்கில் சேரும். எடை அதிகமுள்ளவர்களுக்கு ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு சுமார் ஒரு புள்ளி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். புகையை விடுவது அழுத்தத்தைவிட இதயத்துக்கே பெரிய உதவி. மது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சத்தமாகக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கட்டுக்கடங்காத பிபிக்கு அதுவும் ஒரு காரணம்.

படி 7: மாத்திரை

அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மூளையில் ரத்தக் கசிவால் இறந்தார். அவருக்கு மிகக் கடுமையான ரத்த அழுத்தம் இருந்தது அவருடைய மருத்துவர்களுக்குத் தெரியும். கொடுக்க நல்ல மருந்துதான் அன்று இல்லை. ஓர் அதிபருக்கே கிடைக்காதது இன்று ஒரு சின்ன மாத்திரையாக நம் கையில் இருக்கிறது. அதை வாங்கிவைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

அம்லோடிபின் ரத்தக் குழாயைத் தளர்த்தும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில், ராமிப்ரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அப்போது டாக்டர் பெரும்பாலும் லோசார்டன், டெல்மிசார்டன் வகைக்கு மாற்றுவார். நீர் பிரிக்கும் மாத்திரை உப்பையும் நீரையும் வெளியேற்றும் என்பதால் அவ்வப்போது ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்வார்கள். தொந்தரவு எதுவாக இருந்தாலும் நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் உடனே சொல்ல வேண்டும், இவற்றில் சில குழந்தைக்கு ஆகாது.

மூன்றாம் மாதம் அப்பாவுக்கு 124/78 வந்தது. "சரியாகிவிட்டதே" என்று எங்களிடம் சொல்லாமலே மாத்திரையை விட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 168/98. அந்த 124, மாத்திரை வேலை செய்ததால் வந்த எண். நிறுத்தினால் எண்ணும் பழைய இடத்துக்கே போகும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது இதயத்துக்கே ஆபத்து.

ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் மூக்கடைப்புக்கான சில மருந்துகளும் அழுத்தத்தை ஏற்றும். எதற்காகப் போனாலும் "பிபி மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் உட்கார்ந்தும் நின்றும் அளந்து, இரண்டையும் குறித்துக் காட்டுங்கள்.

படி 8: எப்போது ஓட வேண்டும்

180/120ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து வேறு தொந்தரவு இல்லை என்றால் அன்றே டாக்டரைத் தொடர்புகொள்ளுங்கள், கூடுதல் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இதில் எது வந்தாலும் மெஷினைத் தேடாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

படி 9: டாக்டரிடம் போகும்போது

நோட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், அப்புறம் வீட்டு மெஷின். ஆமாம், மெஷினையும் வருடத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப் போங்கள். அங்கே இருக்கும் கருவியில் ஒரு முறை, உங்களுடையதில் ஒரு முறை, ஒரே கையில் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து புள்ளிக்குள் ஒத்துப்போனால் கவலையில்லாமல் இன்னும் ஒரு வருடம் பயன்படுத்தலாம்.