ஃபோல்சம் ஏரியில் கயாக்: தெற்குக் கிளையில் ஏறித் திரும்பும் முறை

கலிஃபோர்னியாவில், சியெரா நெவாடா மலையடிவாரத்தில், அமெரிக்கன் ஆற்றின் வடக்குக் கிளையும் தெற்குக் கிளையும் கூடும் இடத்திற்குச் சற்றுக் கீழே 1950களில் எழுந்த அணையால் உருவானது ஃபோல்சம் ஏரி. அணைநீர் இரு பள்ளத்தாக்குகளிலும் ஏறி நிற்கிறது. இங்கே விளக்கப்போவது தெற்குக் கிளையை: பிரவுன்ஸ் ராவினில் படகை இறக்கி, சால்மன் ஃபால்ஸ் பாலத்தின் பக்கமாகச் சென்று, ஏரி ஆறாகும் இடத்தில் திரும்பி வருவது. துடுப்பு பிடிப்பதையும் இருக்கையைச் சரிசெய்வதையும் வாடகைக்குத் தருபவரே காட்டிவிடுவார்.

முதல் வேலை, நீர்மட்டம் பார்ப்பது. மாநில நீர்வளத் துறை அதை நாள்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. ஏரி நிரம்பினால் கடல்மட்டத்திலிருந்து 466 அடி. கோடையின் தொடக்கத்தில் அதை ஒட்டி நிற்கும் நீர், இலையுதிர் காலத்திற்குள் வெகுவாக இறங்கிவிடும். அப்போது படகைச் சரளைக் கரையில் நெடுந்தூரம் சுமக்க வேண்டும், ஆறு தொடங்கும் இடமும் கீழே நகர்ந்துவிடும். 2014இல் வறட்சி முற்றியபோது, மூழ்கிக் கிடந்த தங்க வேட்டைக் கால ஊரான மார்மன் ஐலண்டின் சுவடுகளே வெளியே தெரிந்தன. ஆகவே, ஜூனில் போனவர் சொன்ன வழியை அக்டோபரில் நம்ப வேண்டாம்.

அடுத்து, மேலிருந்து வரும் நீர். பிளாசர்வில் அருகே சில்லி பார் அணையிலிருந்து திறக்கப்படும் நீர், ராஃப்டிங் செல்வோர் இறங்கிவரும் பாதையில் சுமார் 20 மைல் ஓடி, சில மணி நேரம் கழித்தே சால்மன் ஃபால்ஸை எட்டும். காலையில் அசையாமல் கிடந்த இடத்தில் மதியம் ஓட்டம் பிடிப்பது இதனால்தான்.

படகைப் பொறுத்தவரை, தொடங்குபவருக்கு மேலே அமர்ந்து செலுத்தும் 10 முதல் 12 அடிக் கயாக்கையே பரிந்துரைப்பேன். கவிழ்ந்தாலும் உள்ளே நீர் நிறையாது, மீண்டும் ஏறிக்கொள்ளலாம். காற்றடைக்கும் மலிவு வகை இந்த ஏரிக்கு ஆகாது, காரணத்தை அடுத்த பத்தியில் காண்பீர்கள். 13 வயதுக்கு உட்பட்டவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்தே தீர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பெரியவர்களும் அதைக் காலடியில் வைக்காமல் உடலில் மாட்டிக்கொள்ளவும்.

கோடைப் பிற்பகல்களில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கமிருந்து டெல்டா காற்று தென்மேற்கிலிருந்து வீசும். கிளையில் ஏறும்போது அது முதுகைத் தள்ளுவதால் கை வலிமையாகிவிட்டது போலத் தோன்றும்; திரும்பும்போது முகத்தில் அறையும். எனவே விடியலில் இறங்கி, தூரத்தைக் கணக்கிடாமல் நேரத்தைக் கணக்கிட்டு, நண்பகலுக்கு முன்பே வந்து சேருமாறு திட்டமிடுங்கள். காற்று முந்திக்கொண்டால், நடு ஏரியை விட்டுக் கரையோர முனைகளின் மறைவில் ஒதுங்கி ஒதுங்கி வாருங்கள்.

இனி, பலர் தடுமாறும் இடம். கிளை குறுகியதும், நுரையும் சருகும் சுள்ளிகளும் குறுக்கே ஒரு வரிசையாக மிதப்பதைக் காணலாம். மலையிலிருந்து வரும் குளிர்ந்த நீர் கனமானது. ஏரியின் வெதுவெதுப்பான நீருக்கு அடியில் அது புகுந்துவிட, மிதப்பவை மட்டும் அங்கே தங்கிவிடுகின்றன. கையை நீரில் விட்டால் குளிர் வித்தியாசம் உடனே தெரியும். அதைத் தாண்டிச் சிறிது தூரம் ஏறலாம். சலசலப்பு கேட்டவுடன் நிறுத்திவிடுங்கள். ஓட்டத்தின் நடுவில் திரும்ப முயல வேண்டாம். கரையோரம், பாறைக்குக் கீழ்ப்புறம் நீர் தேங்கிச் சுழலும் இடத்திற்குள் சென்று, படகைத் திருப்பி, முனையைச் சிறு சாய்வில் ஓட்டத்திற்குள் விடுங்கள். படகின் பக்கவாட்டில் நீர் மோதும்போது உடல் தானாகவே நீர் வரும் திசைக்குச் சாயப் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால் அந்த விளிம்பு தாழ்ந்து, நீர் அதன்மேல் ஏறி, படகு கவிழும். நீர் போகும் திசைக்கே சாய வேண்டும். பாறையில் ஒட்டிக்கொண்டாலும் பாறையைத் தழுவுவது போல அதன் பக்கமே சாயுங்கள். கரையில் தாழ்ந்து நிற்கும் மரக்கிளைகளைப் பிடித்து நிற்கவே கூடாது: கை நிற்கும், படகு நழுவிவிடும்.

பிற்சேர்க்கை: 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகத்தில் தங்கச் சிப்பி எனும், படகுகளில் ஒட்டிப் பரவும் வெளிநாட்டு உயிரினம் கண்டறியப்பட்டதிலிருந்து, கலிஃபோர்னிய ஏரிகளில் படகுச் சோதனை விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். சொந்தப் படகானால் வடிதுளையைத் திறந்து நீரை வடித்து, துடைத்து, இருக்கையின் அடிப்புறம் உட்பட முழுவதும் காயவைத்த பிறகே வேறு ஏரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.