வாதக் கட்டுரையின் நடுப்பத்திகள்: எங்கே சறுக்குகிறது?

வாதக் கட்டுரை எழுதுபவர்கள் முன்னுரைக்கு நிறைய உழைக்கிறார்கள். முடிவுரையும் ஒருவாறு தேறிவிடும். படிப்பவர் நம்பிக்கை இழப்பது பெரும்பாலும் நடுவில் உள்ள மூன்று நான்கு பத்திகளில்தான். அங்கே திரும்பத் திரும்ப வரும் தவறுகளை, ஒரே தலைப்பை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ‘உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது’ என்பது நம் கட்டுரையின் நிலைப்பாடு என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாக்கியம் எதையும் வாதிடுவதில்லை

‘இன்றைய காலகட்டத்தில் தூக்கம் மிகவும் இன்றியமையாதது.’ இப்படித் தொடங்கும் பத்திகள் ஏராளம். இதை யாரும் மறுக்கப் போவதில்லை. மறுப்பே எழாத வாக்கியத்துக்குச் சான்று எதற்கு? சான்று தேவையில்லை என்றால் அந்தப் பத்திக்கே வேலை இல்லை.

எழுதிய வாக்கியத்தைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. விவரம் தெரிந்த ஒருவர் அதைக் கேட்டு ‘இல்லை, அப்படிச் சொல்ல முடியாது’ என்று மறுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதன் பின்னால் ‘ஆகவே பள்ளி 8.30க்கு முன் தொடங்கக் கூடாது’ என்பதைச் சேர்த்துப் படியுங்கள். இரண்டும் ஒட்டவில்லை என்றால் பத்தி வேறு கட்டுரைக்கு உரியது. ‘பள்ளி சீக்கிரம் தொடங்குவதால் ஏற்படும் தூக்கக் குறைவை, சீக்கிரம் படுப்பதால் மட்டும் ஈடுகட்ட முடியாது’ என்ற வாக்கியம் இரண்டு சோதனையிலும் தேறும்.

உட்தலைப்பு போட்டு எழுதிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. ‘தூக்கத்தின் அவசியம்’ என்று உட்தலைப்பு எழுதியதுமே கருத்தைச் சொல்லிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அது வெறும் பெயர்த்தொடர். எது நடக்கிறது, எதனால், யாருக்கு என்று எதையும் அது சொல்வதில்லை. வாதம் தொடங்க வினைமுற்றோடு முடியும் முழு வாக்கியம் வேண்டும். தேர்வில் உட்தலைப்பு கட்டாயம் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு அடியில் கருத்து வாக்கியத்தைத் தனியாக எழுதுங்கள்.

ஒரு பத்திக்குள் மூன்று காரணங்கள்

உடல்நலம், மதிப்பெண், சாலை விபத்து என்று மூன்றையும் ஒரே பத்தியில் அடைத்தால் மூன்றும் பெயரளவில் நின்றுவிடும். ‘மேலும்’, ‘அதுமட்டுமல்லாமல்’, ‘இது ஒருபுறமிருக்க’ ஆகியவை ஒரே பத்தியில் அடுத்தடுத்து வந்தால் சந்தேகப்படுங்கள். இவை பொருட்களை அடுக்கும் சொற்கள். ஒரு காரணத்தை ஆழமாகக் கொண்டுபோக ‘ஏனெனில்’, ‘இதன் விளைவாக’, ‘அப்படியானால்’ போன்ற சொற்கள்தான் உதவும். ஒரு பத்திக்கு ஒரு காரணம், ஆறு முதல் எட்டு வாக்கியம் என்பது நல்ல அளவு. நேரம் குறைந்த தேர்வில் மூன்றாவது காரணத்தை விட்டுவிட்டு, இருக்கும் இரண்டை நிறைவாக எழுதுவது மேல்.

யார் சொன்னது என்று தெரியாத சான்று

‘பல ஆய்வுகள் கூறுகின்றன’, ‘என்று சொல்லப்படுகிறது’, ‘அனைவரும் அறிந்ததே’ ஆகிய மூன்றும் சான்று போலத் தோன்றும், ஆனால் சரிபார்க்க எதையும் தருவதில்லை. யார், எப்போது, எதை என்ற மூன்றும் தெரிய வேண்டும். ‘நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கோ அதற்குப் பிறகோ தொடங்குவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2014இல் பரிந்துரைத்தது’ என்று எழுதினால் படிப்பவர் தேடிப் பார்க்கலாம்.

குறளும் பழமொழியும் சான்று ஆகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அவை ஒரு கருத்தைக் கூர்மையாகச் சொல்ல உதவும், மெய்ப்பிக்க உதவாது. நிதானம் வேண்டும் என்பவர் ‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்; உடனே முடிக்க வேண்டும் என்பவர் ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்பார். இரண்டு கட்சிக்கும் பழமொழி கிடைக்கும்போது எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?

சான்றிலிருந்து முடிவுக்கு ஒரே தாவல்

எல்லாவற்றிலும் அதிகம் சேதம் செய்வது இதுதான். இப்படி ஒரு பத்தி:

‘பதின்வயதினருக்குத் தூக்கம் அவசியம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. ஆகவே பள்ளிகள் தாமதமாகத் தொடங்க வேண்டும்.’

தகவல் சரி, மூலமும் இருக்கிறது. ஆனாலும் படிப்பவர் ஒரே கேள்வியில் பத்தியைக் கவிழ்த்துவிடுவார்: ‘சீக்கிரம் படுத்தால் போதாதா?’ அந்த ‘ஆகவே’ தன்னால் தாங்க முடியாத சுமையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

மணிமேகலையின் 29ஆம் காதை இந்த இடத்தைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிறது. மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. புகை இருந்தால் நெருப்பும் இருக்கும் என்பதை அடுக்களையில் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம் என்று நினைவூட்டிய பிறகே மலையைப் பற்றிய முடிவு நிற்கிறது. 1958இல் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்தபோதும், சான்றையும் முடிவையும் இணைக்கும் கூறுக்குத் தனி இடம் கொடுத்தார். நம் பத்தியில் விடுபட்டது அந்த இணைப்புத்தான். அதைச் சேர்த்தால்:

‘பள்ளி சீக்கிரம் தொடங்குவதால் ஏற்படும் தூக்கக் குறைவை, சீக்கிரம் படுப்பதால் மட்டும் ஈடுகட்ட முடியாது. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. ஆனால் பருவமடையும் காலத்தில், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கும் நேரம் இரண்டு மணி நேரம் வரை தள்ளிப்போகிறது. இரவு 11 மணிக்குத் தூக்கம் வரும் மாணவி 8 மணி நேரம் தூங்க, காலை 7 வரை படுக்கையில் இருக்க வேண்டும். 7.30க்கு மணி அடிக்கும் பள்ளிக்காக அவள் 6 மணிக்கே எழுந்தால் இரவுக்கு 1 மணி நேரம், ஐந்து பள்ளி நாளில் 5 மணி நேரம் இழக்கிறாள். 9 மணிக்கே படுக்கச் சொன்னாலும் உடல் அந்த நேரத்தில் தூங்கத் தயாராக இல்லாததால் இழப்பு பெரிதாகக் குறையாது.’

சான்று இரண்டு வாக்கியம், விளக்கம் மூன்று வாக்கியம். இந்த விகிதம் தலைகீழானால் பத்தி தகவல் தொகுப்பாகிவிடும். கடைசி வாக்கியத்தில் உள்ள ‘பெரிதாக’ என்ற சொல்லையும் கவனியுங்கள். ‘இழப்பு துளியும் குறையாது’ என்று எழுதினால், இரவில் திரை வெளிச்சத்தைக் குறைத்தால் சற்று முன்பே தூக்கம் வரும் என்று ஒருவர் சொன்னதும் வாக்கியம் பொய்யாகிவிடும். ‘மட்டுமே’, ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ ஆகியவற்றைத் தேவையில்லாமல் போட்டு எதிராளிக்கு எளிய வெற்றியைக் கொடுக்காதீர்கள்.

சான்று ஒன்றைச் சொல்ல, முடிவு வேறொன்றைச் சொல்வதும் இதே குடும்பத்துத் தவறுதான். கலிஃபோர்னியா 2019இல் இயற்றிய சட்டப்படி, அங்குள்ள பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 2022 ஜூலை முதல் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது. இதைக் காட்டி ‘ஆகவே தாமதத் தொடக்கம் உடல்நலத்துக்கு நல்லது’ என்று எழுதக் கூடாது. சட்டம் வந்ததால் உடல்நலம் கூடியது என்று ஆகாது. இவ்வளவு பெரிய மாநிலத்திலும் இப்படி ஒரு மாற்றத்தைச் செயல்படுத்த முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. அப்படியானால் ‘நடைமுறைக்கு ஒத்துவராது’ என்ற எதிர்ப்புக்குப் பதில் சொல்லும் பத்தியில்தான் அதற்கு இடம்.

எதிர்வாதத்தைக் கையாளும் பத்தி

‘மாணவர் நலனில் அக்கறை இல்லாத சிலர் இதை எதிர்க்கிறார்கள்’ என்று எழுதுவது எதிர்வாதமே இல்லை. எதிர்ப்பவர் தம் வாதம் என்று ஒப்புக்கொள்ளும் வடிவில் அதைச் சொல்ல வேண்டும்: வேலைக்குப் போகும் பெற்றோரின் நேரத்தோடு மோதும், பேருந்து அட்டவணை குலையும், மாலை விளையாட்டுப் பயிற்சி இருட்டில் முடியும். மூன்றையும் பட்டியலிட்டுத் தள்ளாமல் வலுவான ஒன்றை எடுத்துப் பதில் சொல்லுங்கள். நியாயம் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். அதனால் வாதம் பலவீனப்படாது.

தமிழில் இங்கே வாக்கிய வரிசை முக்கியம். ‘தாமதத் தொடக்கம் தூக்கத்தைக் கூட்டும் என்றாலும் பெற்றோருக்குச் சிரமம்’ என்று முடித்தால் படிப்பவர் மனத்தில் தங்குவது சிரமம்தான். ‘முதல் சில மாதங்கள் பெற்றோருக்குச் சிரமம் இருக்கும் என்றாலும், பிள்ளைகளின் தூக்கக் குறைவு பள்ளிப் பருவம் முழுவதும் நீடிக்கிறது’ என்று திருப்பிப் போடுங்கள். விட்டுக்கொடுப்பது ‘என்றாலும்’ என்பதற்கு முன்னால், நிலைநாட்ட விரும்புவது பின்னால்.

சிறிய ஆனால் உறுத்தும் சில

ஒவ்வொரு வாக்கியமும் ‘வேண்டும்’ என்று முடிந்தால் கட்டுரை சுற்றறிக்கை போல ஒலிக்கும். பத்திக்கு ஒன்று போதும். ‘இது அநீதி அல்லவா?’ என்ற கேள்விக்குப் படிப்பவர் ‘இல்லை’ என்றும் பதில் சொல்லலாம், எனவே கேள்விகளைச் சிக்கனமாக வையுங்கள். ‘இவ்வாறு பல நன்மைகள் உள்ளன’ என்ற கடைசி வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் அடுத்த பத்தி எழுப்பும் கேள்வியைத் தொட்டுவிட்டால் இணைப்புச் சொல்லே தேவைப்படாது. தூக்கக் குறைவைக் கணக்கிட்ட பத்தி ‘இந்த 5 மணி நேரம் முதல் பாடவேளையில் என்ன செய்கிறது?’ என்று முடிந்தால், கற்றலைப் பற்றிய அடுத்த பத்தி ‘மேலும்’ இல்லாமலேயே தொடங்கும்.