ஊற்றையும் மணலோடையையும் வைத்துப் பாலைவனத்தில் வழி அறிவது எப்படி?

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ‘மொஹாவி ரோடு’ என்றொரு பழந்தடம் உண்டு. பையூட், ராக், மார்ல், சோடா என ஊற்றுக்கு ஊற்று நீளும் அந்தத் தடத்தை வகுத்தவர்கள் மொஹாவி பழங்குடியினர். 1776-இல் ஸ்பானியப் பாதிரியார் கார்சேஸும் அவர்கள் துணையோடுதான் இந்தப் பாலையைக் கடந்தார். ஊற்றை வைத்து வழி வகுப்பது: புதிதாகப் போகிறவர்களும் தொடங்க வேண்டிய பாடம் இதுதான்.

முதலில் வரைபடம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் 1:24,000 அளவு வரைபடங்கள் இணையத்தில் இலவசம். நீலத்தில் ஒரு கீற்று, மூன்று புள்ளி என்று மாறிமாறி ஓடும் கோடு, மழைக்கு மட்டும் நீர் வரும் மணலோடை. அதை அங்கே ‘வாஷ்’ என்கிறார்கள். வால் முளைத்த சிறு வட்டம் ஊற்று. இரண்டையும் பென்சிலால் அழுத்தி வரைந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, குறியைச் சற்றுத் தள்ளி வைப்பது. ஊற்று ஒரு புள்ளி, எளிதில் தவறிப்போகும். ஓடை நீண்ட கோடு. குறுக்கே நடந்தால் எப்படியும் காலில் படும். ஆகவே ஊற்றை நேராகக் குறிவைக்காமல், ஓடையில் அதற்கு அரை கிலோமீட்டர் கீழே குறிவையுங்கள். ஓடையை அடைந்ததும் மேல்நோக்கித் திரும்ப வேண்டும் என்பதில் ஐயமே இருக்காது. நான் மிகவும் நம்பும் உத்தி இது.

பிறகு செடிகளைப் பாருங்கள். சமவெளி முழுவதும் கிரியோசோட் புதர்தான். அதனிடையே பாலை வில்லோவும் பூனைநக முள்மரமும் வரிசைகட்டினால் அங்கே ஓடை இருக்கிறது. காட்டன்வுட் மரங்களின் அடர்பச்சைத் திட்டு தெரிந்தால் நிலத்தடி நீர் மேலே நெருங்கியிருக்கிறது.

தொடக்கநிலையினர் தடுமாறும் இடம் கிளைகள்தான். மலைக்குள் ஓடைகள் கீழ்நோக்கி ஒன்று சேரும். ஏறும்போது ஒவ்வொரு கிளையிலும் நின்று திரும்பிப் பாருங்கள், இறங்கும்போது எதிர்ப்படப் போவது அந்தக் காட்சிதான். மலையடிவார வண்டல் சரிவில் எல்லாம் தலைகீழ்: ஓடை விசிறிபோலப் பிரியும், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தடம் மாறும். அங்கே ஓடையை விட்டுவிட்டு மலைமுகட்டை அடையாளமாகக் கொள்ளுங்கள்.

வரைபடத்தில் ஊற்று இருப்பதாலேயே அதில் நீர் இருக்கும் என்று எண்ணாதீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது சுமந்து செல்லுங்கள். ஓடைக்குள் கூடாரம் வேண்டவே வேண்டாம்; தொலைமலையில் பெய்த மழை, தெளிந்த வானத்தின் கீழும் வெள்ளமாக வரும். ஊற்றருகிலும் தங்காதீர்கள். மனித வாடை இருந்தால் பெருங்கொம்பு ஆடுகள் நீர் குடிக்க இறங்கி வரத் தயங்கும்.