கையை வெளியே திருப்பிப் பார்த்தீர்களா? எலும்பு மூட்டு வைத்தியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் இளம் டாக்டர் ஒருவர் ஃபைலோடு வந்தார். "ஃப்ரோசன் ஷோல்டர் சார், ரெண்டு பக்கமும். எக்ஸ்ரே நார்மல். பிசியோவுக்கு எழுதிரட்டுமா?" என்றார். ஃப்ரோசன் ஷோல்டர் என்றால் தோள் மூட்டு இறுகி அசையாமல் போவது.

நோயாளி வள்ளியூர்ப் பக்கத்துக் கொத்தனார், வயது 34. பதினோரு நாளைக்கு முன்னால் தூக்கத்தில் வலிப்பு வந்திருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு தோளும் வலி, கை தூக்க முடியவில்லை. முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னேன். திரும்பவில்லை. நானே பிடித்து மெதுவாகத் திருப்பினேன். தாழ்ப்பாள் போட்ட கதவைத் தள்ளினால் ஓர் இடத்தில் இடித்து நிற்குமே, அப்படி நின்றது. இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன், இந்த முறை அக்குள் வழியாக. இரண்டு தோளும் பின்பக்கமாக விலகிப் போயிருந்தன.

"மறு தோளோட ஒப்பிட்டுப் பார்த்தேன் சார், ஒரே மாதிரிதான் இருந்துச்சு" என்றார் அந்த டாக்டர். இரண்டுமே விலகியிருந்தால் ஒரே மாதிரிதானே இருக்கும்?

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இதே தவறை இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். வலதா இடதா என்று உடம்பில் குறிக்காமல் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவது, கத்தி வைக்கும் முன் ஆன்டிபயாடிக் போட மறப்பது, இவற்றையெல்லாம் எலும்பு வைத்தியம் படிக்க வந்த முதல் வருடமே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது, சொல்லிக் கொடுத்த பிறகும் நடக்கிற தவறுகளை.

ஒரே ஒரு எக்ஸ்ரேயை நம்புவது

களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருந்த விவசாயி அவர். ஐம்பது வயது இருக்கும். நான் அப்போது வேறோர் ஆஸ்பத்திரியில் ஜூனியர். "என்ன செய்யுது அண்ணாச்சி?" என்று கேட்டேன். "கீழ விழல சார். மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டர்ல கைய வச்சேன், கரண்ட் புடிச்சு இழுத்துட்டு" என்றார். வலது தோள் வலி. முன்பக்கம் இருந்து ஒரு படம் எடுத்தேன். எலும்பு உடையவில்லை, மேல்கை எலும்பின் பந்து தோள் கிண்ணத்தில் உட்கார்ந்திருப்பது போலவே தெரிந்தது. "நார்மல்" என்று எழுதி, கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடுகிற ஆர்ம் பவுச் போட்டு, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார், கை அசையவில்லை. தோள் இறுகிவிட்டது என்று நினைத்து பிசியோவுக்கு எழுதினேன். ஒன்றரை மாதம் தினமும் பஸ் ஏறி வந்து கரண்ட் வைத்துக்கொண்டு போனார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுக்க விட்டார். ஒன்பதாவது வாரம் அவர் மனைவி கூட வந்திருந்தார்கள். "அவுகளுக்குக் கோயில்ல திருநீறு வாங்கக்கூட முடியல சார். கைய நீட்டுனா உள்ளங்கை மேல பாக்க மாட்டேங்குது" என்றார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழு நோயும் இருந்தது. கையை முன்னால் நீட்டி உள்ளங்கையை வானம் பார்க்க வைக்க வேண்டுமென்றால் தோள் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். பின்பக்கம் விலகிய தோள் உள்நோக்கித் திரும்பியே பூட்டிக்கொள்ளும். என் மேஜைக்கு எதிரே மூன்று முறை உட்கார்ந்த மனிதரிடம் நான் ஒரு தடவைகூடக் கையை நீட்டச் சொல்லிப் பார்க்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? தோளை உள்ளே திருப்புகிற தசைகள் வெளியே திருப்புகிற தசைகளைவிடப் பலமானவை. வலிப்பிலும் கரண்ட் ஷாக்கிலும் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகும்போது பலமானவை ஜெயித்து, பந்தைப் பின்னால் தள்ளிவிடுகின்றன. தோள் விலகி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முன்பக்கமாகத்தான் விலகும். பின்பக்கம் விலகுவது நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து வரைதான். அபூர்வம் என்பதால் நம் மனத்தில் அது வருவதில்லை.

படமும் ஏமாற்றும். ஆளுக்குப் பின்னால் ஆள் நின்றால் எதிரே இருப்பவருக்கு ஒருவர்தான் தெரிவார். பந்து நேர் பின்னால் போய் நிற்பதால் முன்பக்கப் படத்தில் அது தன் இடத்தில் இருப்பதாகவே தோன்றும். ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு துப்பு உண்டு. கை உள்ளே திரும்பியிருப்பதால் பந்தின் வெளிப்பக்க மேடு மறைந்து, பழைய குண்டு பல்பு மாதிரி உருண்டையாகத் தெரியும். அந்த பல்பைப் பார்த்தால் அதற்கு மேல் யோசிக்க வேண்டாம், அடுத்த படம் எடுங்கள்.

அடுத்த படம் என்றால் அக்குள் வழியாக. கையைக் கொஞ்சம் விரித்தால் போதும். "வலிக்குன்னு கத்துறாரு சார், கைய விரிக்க மாட்டேங்கிறாரு" என்று எக்ஸ்ரே அறையிலிருந்து தகவல் வரும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். பவுச்சைக் கழற்றாமலே, எக்ஸ்ரே மேஜையில் முதுகைச் சாய்த்துப் பின்னால் வளையச் சொல்லி, மேலிருந்து கீழே படம் எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் சிடி ஸ்கேன். கிண்ணத்தின் விளிம்பு இடித்துப் பந்தில் விழுந்த பள்ளம் எவ்வளவு பெரிது என்பதையும் அது காட்டிவிடும்.

ஃப்ரோசன் ஷோல்டரிலும் கை வெளியே திரும்பாது, அப்புறம் எப்படிப் பிரிப்பது என்று கேட்பார்கள். கதையைக் கேளுங்கள். ஃப்ரோசன் ஷோல்டர் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் மெல்ல மெல்ல இறுகும். முந்தின நாள் வரை நன்றாக இருந்த தோள் வலிப்புக்கோ ஷாக்குக்கோ மறுநாள் பூட்டிக்கொண்டால் அது ஃப்ரோசன் ஷோல்டர் ஆகாது. எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895-இல். அதற்கு நாற்பது வருடம் முன்பே, 1855-இல், மால்கேன் என்ற பிரெஞ்சு சர்ஜன் பின்பக்கம் விலகிய தோள்கள் 37-ஐப் பதிவு செய்துவிட்டார். அவரிடம் இருந்தது கண்ணும் கையும்தான்.

சரி, தாமதமானால் என்ன ஆகும்? கொத்தனாருக்குப் பதினோரு நாள்தான். மயக்கம் கொடுத்து, கத்தி வைக்காமல், மெதுவாக இழுத்து இரண்டையும் இடத்தில் உட்கார வைத்தோம். அவருக்குச் சாதாரண பவுச் போடவில்லை. அது கையை வயிற்றின் மேல் வைக்கும், தோள் மறுபடி உள்ளே திரும்பும், பந்து மறுபடி வழுக்கிப் போகும். கை நேராகவோ சற்று வெளியே திரும்பியோ நிற்கிற மாதிரி பிரேஸ் போட வேண்டும். வலிப்புக்கு மாத்திரை தொடங்க நரம்பியல் டாக்டரிடமும் அனுப்பினோம். அடுத்த வலிப்பு வந்தால் செய்ததெல்லாம் வீண்.

வாழைக்கார அண்ணாச்சிக்கு ஒன்பது வாரம். கிண்ணத்தின் விளிம்பு பந்துக்குள் அழுந்தி அழுந்தி, பந்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பள்ளம் விழுந்திருந்தது. நாங்கள் பிசியோ என்ற பெயரில் கையை இழுத்த ஒவ்வொரு நாளும் அந்தப் பள்ளத்தை ஆழமாக்கியிருக்கும். எங்கள் சீனியர் தோளைத் திறந்து, முன்பக்கத் தசைநாரை எடுத்து அந்தப் பள்ளத்துக்குள் வைத்துத் தைத்தார். 1952-இல் மெக்லாஃப்லின் என்ற சர்ஜன் எழுதிய முறை அது. பள்ளம் பாதிப் பந்தை நெருங்கியிருந்தால் அதற்கும் வழியில்லை, செயற்கை மூட்டுதான். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கை தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரை போனது. தலையில் வைத்த வாழைத்தாரைப் பிடிக்க அது போதாது. தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்.

எந்தத் தோளுக்கும் இரண்டு கோணத்தில் படம் வேண்டும். இதில் எனக்குப் பேரமே கிடையாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு ஆபரேஷன் செய்வது

முக்கூடலில் பீடி சுற்றுகிற அம்மா ஒருவர், வயது 52, எம்.ஆர்.ஐ. ஸ்கேனோடு வந்தார். "ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்காம், ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துட்டாங்க" என்றார். ஜவ்வு என்று அவர் சொன்னது, தோளைத் தூக்குகிற தசைகளை எலும்போடு கட்டுகிற நாரை. கையைத் திருப்பிப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் இறுக்கம். எக்ஸ்ரே இரண்டு கோணத்திலும் சரியாக இருந்தது. கிழிசல் மட்டும் இருந்தால், அவரால் தூக்க முடியாவிட்டாலும் நாம் பிடித்துத் தூக்கினால் கை போகும். இவருக்குப் போகவில்லை. சுகர் பார்த்தோம், 300-ஐத் தாண்டியிருந்தது. சுகர் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். ஃப்ரோசன் ஷோல்டர் சர்க்கரை நோயாளிகளைத் தேடிப் பிடிக்கிற நோய். அதை வைத்துக்கொண்டே கிழிசலைத் தைத்திருந்தால் தோள் இன்னும் இறுகிப் போயிருக்கும். முதலில் சுகரை இறக்கினோம், அப்புறம் மூட்டுக்குள் ஓர் ஊசி, வீட்டிலேயே செய்கிற பயிற்சி. ஸ்டீராய்டு ஊசி போட்ட சில நாளைக்குச் சுகர் ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பதினான்கு மாதத்தில் கொண்டை போடுகிற அளவுக்குக் கை மேலே போனது.

தோளில் வலியே இல்லாத 96 பேரை 1995-இல் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 34 சதவீதம் பேருக்குக் கிழிசல் இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம். நரைமுடி மாதிரி வயதோடு வருகிற மாற்றம் அது. எலும்பு உரசுகிறது என்று சொல்லித் தோளின் மேல் எலும்பைச் சுரண்டிவிடுகிற ஆபரேஷனையும் இப்படித்தான் அவசரப்பட்டுச் செய்கிறார்கள். உள்ளே கேமரா விட்டுப் பார்த்து வேறெதுவும் செய்யாமல் மூடியவர்களைவிட, சுரண்டியவர்கள் மேலாக இல்லை என்று 2018-இல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பனையிலிருந்து விழுந்து, அதுவரை நன்றாகத் தூக்கிய கையை அன்றிலிருந்து தூக்க முடியாதவரை மாதக் கணக்கில் மாத்திரையில் ஓட்டாதீர்கள். அறுந்த நார் உள்ளே சுருங்கும், தசை கொழுப்பாக மாறும். மாறிய தசை திரும்பி வராது.

நரம்பைப் பார்க்காமல் தோளை ஏற்றுவது

முன்பக்கம் விலகிய தோளைத் திரும்ப இடத்தில் ஏற்றும் முன், மேல்கையின் வெளிப்பக்கத்தில் விரலால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள், நரம்பு அடிபட்டிருந்தால் அங்கே மரத்திருக்கும். ஏற்றிய பிறகும் கேளுங்கள். இரண்டையும் சீட்டில் எழுதுங்கள்.

எக்ஸ்ரே இல்லாமல் இழுப்பது

வேண்டாம். பந்துக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தால் என்ன செய்வீர்கள்?

அறுபது வயதில் விலகிய தோள்

ஏற்றி இரண்டு வாரம் ஆகியும் கை தூக்க முடியவில்லை என்றால் நார் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முழங்கால் வலிக்கு முழங்காலை மட்டும் பார்ப்பது

இடுப்பு மூட்டு கெட்டால் வலி முழங்காலில் தெரியும். முழங்கால் படம் சுத்தமாக இருக்கிறதா? படுக்க வைத்து இடுப்பைத் திருப்பிப் பாருங்கள்.

வலி போனதும் பவுச்சைக் கழற்ற விடுவது

இது நோயாளியின் தவறு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நாம் சரியாகச் சொல்லாததுதான் காரணம். தசைநாரைத் தைத்த மூன்றாவது வாரம் வலி நன்றாகக் குறைந்துவிடும். அப்போது வெறும் நூல்தான் நாரைப் பிடித்துக்கொண்டிருக்கும், எலும்போடு அது ஒட்டப் பன்னிரண்டு வாரம் ஆகும். அம்பாசமுத்திரத்து ஆச்சி ஒருவர், மூன்றாவது வாரம் பவுச்சைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். நூல் நாரை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. "வலிக்கலியே ராசா, சரியாப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார். அவரிடம் நான் "பத்திரமா இருங்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இப்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்கிறேன். விரலையும் மணிக்கட்டையும் முழங்கையையும் முதல் நாளிலிருந்தே ஆட்டலாம். தோளைத் தானாகத் தூக்கக் கூடாது. தூங்கும்போதும் பவுச் இருக்க வேண்டும். பவுச்சைக் கழற்றும் தேதியை, அநேகமாக ஆறாவது வாரம், மார்க்கர் பேனாவால் பவுச்சின் மேலேயே பெரிதாக எழுதிவிடுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டில் பேரப்பிள்ளைகள் அதைத் தினமும் படித்துக் காட்டுகிறார்கள்.