ஓதம் ஏறின சுவரில் பட்டி பார்க்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை மகன் கூப்பிட்டான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வீட்டை வாங்கி, வேலைகளைத் தானே செய்துகொண்டிருக்கிறான். "மாமா, ஹால் சுவரு கீழ பூரா உப்புப் பூத்துக் கெடக்குது. ரெண்டு மூட்டை பட்டி வாங்கிட்டேன். இந்த லீவுலயே பூசி, பெயிண்டும் அடிச்சு முடிச்சுரலாம்னு இருக்கறேன்" என்றான்.

பட்டி என்பது பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசுகிற மாவு. மூட்டையைப் பிரிக்காதே, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சேலத்தில் குகை என்ற பகுதியில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டில், இதே மாதிரி ஒரு சுவரின் முன்னால் நின்று, இதே முடிவை நானும் எடுத்திருக்கிறேன். அதிலிருந்து மீள எனக்கு நான்கு வருடம் ஆனது.

மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள், ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்கிற தவறுகள், அதிலும் செய்யும்போது சரியாகவே தோன்றுகிற தவறுகள் சில உண்டு. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஓதத்தை மூடி மறைப்பது

தாத்தா வீடு செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. சுவர் ஒன்றரை அடி கனம். சந்துப் பக்கச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஓதம், அதாவது ஈரம், படர்ந்து, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புக் கோடு நிற்கும். தீபாவளிக்கு முன் வீட்டை அழகாக்க ஆசைப்பட்டு, உதிர்ந்ததைச் சுரண்டி, இரண்டு கை பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வெளிர் மஞ்சள் எமல்ஷன் அடித்தேன். தீபாவளிக்குச் சுவர் பளபளவென்று இருந்தது. பொங்கலுக்குள் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. விரல் வைத்தால் உள்ளே மாவு.

அடுத்த வருடம் கடையில் சொன்னார்கள் என்று, ஓதத்தைத் தடுக்கும் என்ற ஒரு பூச்சை வாங்கி அடித்தேன். ஏழெட்டு மாதம் தாங்கியது. மூன்றாவது வருடம் ஒரு கான்ட்ராக்டர் வந்து, சுண்ணாம்புப் பூச்சு வீக்காக இருக்கிறது, நாலடிக்குக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசினால் போதும் என்றார். கலவையில் வாட்டர்ப்ரூஃப் மருந்தும் போட்டுக் கெட்டியாகப் பூசினார்கள். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு வருடத்துக்குள் ஓதம் சிமெண்டைத் தாண்டி ஐந்தடிக்கு ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்த தேக்குக் கதவு நிலையின் அடிப்பாகம் ஊறிக் கறையான் பிடித்தது. நூறு வருடம் நின்ற நிலை. மூன்று முறையும் சேர்த்து 70,000 ரூபாய்க்கு மேல் போனதைக் கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த நிலையை அறுத்து எடுத்தபோது அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் மறக்க முடியவில்லை.

காரணத்தைச் சொல்லிக் கொடுத்தவர் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான கொத்தனார். சுவரைத் தொடக்கூட இல்லை. ஒரு காய்ந்த செங்கல்லை எடுத்து, அரை அங்குலம் தண்ணீர் இருந்த தாம்பாளத்தில் நிற்க வைத்துவிட்டு, "காலையில பாருங்க" என்று போய்விட்டார். காலையில் செங்கல்லில் பாதிக்கு மேல் நனைந்திருந்தது. செங்கல்லுக்குள் இருக்கும் நுண்துளைகள் தண்ணீரை மேலே இழுக்கின்றன. 24 மணி நேரம் நீரில் கிடந்த சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிப்பதை இந்தியத் தர நிர்ணயமே ஏற்றுக்கொள்கிறது. அப்படியென்றால் மூன்று கிலோ செங்கல் ஒன்றுக்குள் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கலாம். ஒரு சுவரில் எத்தனை செங்கல் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தத் தண்ணீர் எங்காவது வெளியேறித்தான் ஆக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது மெல்ல ஆவியாகிக்கொண்டிருந்தது. பட்டியும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்தன. தண்ணீரோடு வந்த உப்பு, பெயிண்ட் தோலுக்குப் பின்னால் படிகமாக விளைந்து அதைத் தள்ளியது. கெட்டியான சிமெண்ட் இன்னும் இறுக்கமாக அடைத்ததால், தண்ணீர் அதற்கும் மேலே ஏறி வழி தேடிக்கொண்டது. நான் செய்த ஒவ்வொரு வேலையும் சுவரை இன்னும் நனைத்திருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? இரண்டு இடம். சந்தில் பழைய தளத்தைக் கொத்தாமல் அதன் மேலேயே கான்கிரீட் போட்டுப் போட்டு, தெரு எங்கள் வீட்டுத் தரையைவிட முக்கால் அடி உயர்ந்துவிட்டது. அடுத்தது, மாடியிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர்க் குழாய் சரியாகச் சுவரின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் அந்தக் குழாயைத் தாண்டித்தான் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன்.

ஆகவே பட்டி மூட்டை வாங்கும் முன்னால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தரையிலிருந்து ஏறி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் உப்புக் கோட்டோடு நின்றால் அடியிலிருந்து ஏறும் ஓதம். கூரையிலிருந்து கீழே இறங்கி, மழைக்குப் பின் கூடிக் கோடையில் காய்ந்தால் மாடித் தளம் அல்லது கைப்பிடிச்சுவர். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடுச்சுவரில் திட்டாக நின்றால் உள்ளே ஓடும் குழாயைச் சந்தேகப்படுங்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் போதும். ஓரடிச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. சேலத்தில் பெரும்பாலும் முதல் வகைதான். ஏற்காட்டில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிப் பனியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்பு எரிக்கிற வீடுகளில் இரண்டாவது வகை நிறைய. அங்கே சுவரைக் கொத்திப் பயனில்லை. காற்று போக வர வழி வேண்டும்.

நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். மழைக்குழாய்க்கு ஒரு எல்போவும் பத்தடி பைப்பும் போட்டு, தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளிச் சாக்கடைக்குக் கொண்டுபோனோம். சுவரின் வெளிப்பக்கம் எங்கள் இடத்தில் குறுகலாக ஒரு பள்ளம் வெட்டி ஜல்லி நிரப்பினோம். சிமெண்ட் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, மாசியிலிருந்து ஆனி வரைக்கும் சுவரை வெறும் செங்கல்லாகவே விட்டோம். வந்தவர்கள் எல்லோரும் ஏன் இப்படி என்று கேட்டார்கள். பரவாயில்லை என்று பொறுத்துக்கொண்டோம். வெளியே வந்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். அப்புறம் ஒன்றுக்கு மூன்று கணக்கில் சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பே அடித்தோம். சுவர் வழவழப்பாக இல்லை. ஆனால் இன்றுவரை ஒரு இடத்திலும் உப்பவில்லை.

தங்கை மகன் வீட்டில் மூன்று இடத்தில் தாள் ஒட்டினோம். மூன்றிலும் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக ஈரம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், துணி துவைக்கிற கல்லின் தண்ணீர் சுவரோரமாகவே ஓடி நிற்கிறது. பட்டி மூட்டைகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போது துவைகல்லை நகர்த்துகிற வேலையில் இருக்கிறான்.

பழைய மச்சில் தண்ணீர் தேக்கிச் சோதிப்பது

மாடி ஒழுகுகிறதா என்று பார்க்க, மழைத்தண்ணீர் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்குவது கான்கிரீட் தளத்துக்கு நல்ல முறை. மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் மச்சில் தயவுசெய்து செய்யாதீர்கள். 100 சதுர அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றாலே 470 கிலோ பாரம். கட்டையின் முனை சுவருக்குள் எவ்வளவு உளுத்திருக்கிறது என்று கீழே நின்று பார்த்தால் தெரியாது. அங்கே தட்டோடுகளின் இடுக்குகளையும், கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் மூலையில்தான் வெடிப்பு இருக்கும்.

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே துளை போடுவது

ஒயர் அந்த வழியாகத்தான் இறங்கும். ஓரடி தள்ளிப் போடுங்கள்.

கீசரை சின்ன பிளக்கில் மாட்டுவது

2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் கருகும். 16 ஆம்பியர், அதற்கேற்ற ஒயர், எர்த். இதில் சமாதானமே கிடையாது.

டெஃப்லான் டேப்பைத் தலைகீழாகச் சுற்றுவது

குழாய் மரையின் முனை உங்களைப் பார்க்க, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள்.

மழைக்காலத்தில் கதவைச் சீவுவது

ஏற்காட்டில் அண்ணன் மாமனாருக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரத்தை அறுத்துச் செய்த கதவுகள். ஐப்பசியில் போனால் ஒரு கதவும் சாத்தாது. ஒரு வருடம் நான் இழைப்புளியை எடுத்து, உரசுகிற இடத்தையெல்லாம் சீவிவிட்டேன். லேசாகத் தள்ளினாலே சாத்தியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பங்குனியில் போனபோது கதவுக்கும் நிலைக்கும் நடுவில் சுண்டுவிரல் போகிற இடைவெளி. தாழ்ப்பாள் எட்டவில்லை. மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவு மாறாது. மழையில் விரிந்து நிற்கிற மரத்தைச் சீவினால், வெயிலில் சுருங்க வேண்டியதையும் சேர்த்துச் சீவிவிடுகிறோம்.

மழையில் கதவு பிடித்தால் முதலில் கீல் திருகுகளைப் பாருங்கள். பாதி நேரம் மேல் கீல் தளர்ந்து கதவு தொங்கியிருக்கும், முறுக்கினாலே போதும். அப்படியும் பிடித்தால், உரசும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்துவிட்டுக் கோடைக்குக் காத்திருங்கள். காய்ந்த பிறகு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சீவி, மறக்காமல் கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வார்னிஷ் அடியுங்கள். எல்லோரும் முகத்துக்கு மட்டும் அடித்துவிட்டு விடுகிற இடம் அந்த இரண்டும்தான். மரத்தின் வெட்டுவாய் அங்கேதான் திறந்திருக்கிறது, தண்ணீரைக் குடிப்பதும் அது வழியாகத்தான்.

நான் கெடுத்த கதவுக்கு, தாழ்ப்பாள் பக்கம் அதே சில்வர் ஓக்கில் அரை அங்குலப் பட்டை ஒன்றை ஒட்டி அடித்திருக்கிறேன். நிறம் சேரவில்லை. கதவு சாத்துகிறது.