முதலில் கம்பளத்தைத் திருப்பிப் பாருங்கள்

துபாயிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே பறந்தால் அர்மேனியாவின் தலைநகர் யெரெவான். அதனால் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் விடுமுறைக்கு அர்மேனியா போவது இப்போது சாதாரணமாகிவிட்டது, அங்கே மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இருக்கிறார்கள். போகிறவர்கள் வெர்னிசாஜ் சந்தையில் தொங்கும் சிவப்புக் கம்பளங்களைப் பார்த்து மனதைப் பறிகொடுத்து ஒன்றை வாங்கிச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டு, அப்புறம் எனக்குப் படம் எடுத்து அனுப்பி "இது கையால் நெய்ததுதானே?" என்று கேட்கிறார்கள். அனுப்புவது எப்போதும் முன்பக்கப் படம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கம்பளத்தின் சங்கதி எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு மூலையை மடக்கிப் பாருங்கள், முன்னால் உள்ள அதே பூ, அதே கரை பின்னாலும் துல்லியமாகத் தெரிய வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எள்ளு எள்ளாக முடிச்சுகள் இரண்டிரண்டாக உட்கார்ந்திருக்கும். அர்மேனியர்கள் போடுவது இரட்டை முடிச்சு. பாவு நூலில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்து, கம்பளி நூலை அவற்றின் மேலாகக் குறுக்கே போட்டு, இரண்டு நுனிகளையும் பின்னால் சுற்றி அந்த இரண்டு இழைகளுக்கு நடுவிலேயே வெளியே இழுத்துக் கத்தியால் வெட்டிவிடுவார்கள். ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் ஊடை என்கிற குறுக்கு நூலை ஓட்டி, கனமான சீப்பால் தட்டி இறுக்குவார்கள். இப்படியே வரிசை வரிசையாக. கைதான் தட்டுகிறது என்பதால் எல்லா வரிசையும் ஒரே அளவாக இருக்காது, அந்தச் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் பின்பக்கத்தில் தெரிந்தே தீரும். பின்னால் துணி ஒட்டியிருந்தால், பசை வாசனை அடித்தால், அது முடிச்சுப் போட்டது இல்லை. குஞ்சத்தையும் பாருங்கள். கைநெசவில் குஞ்சம் என்பது பாவு நூலின் நுனிதான், கம்பளத்துக்குள்ளிருந்து வருவது. தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அர்மேனிய மொழியில் முடிச்சுப் போட்ட மெத்தென்ற கம்பளத்துக்கு 'கோர்க்' என்று பெயர். முடிச்சே இல்லாமல் பாவும் ஊடையும் மட்டும் பின்னி வரும் தட்டையான விரிப்புக்கு 'கார்பெட்' என்று பெயர். நம் பவானி ஜமக்காளம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் 'கார்பெட்' என்று சொல்லி விலை சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள், இரண்டுக்கும் ஆகும் உழைப்பு வேறு, விலையும் வேறு.

நிறம் ஒரே சீராக இல்லை என்று நல்ல கம்பளத்தை ஒதுக்கிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. சிவப்புத் தளத்தில் நடுவே ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் வெளுத்தோ கருத்தோ இருக்கும். ஒரு பானையில் தோய்த்த நூல் தீர்ந்து அடுத்த பானை நூலை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கம்பள வியாபாரிகள் அதை 'அப்ராஷ்' என்பார்கள். தெரிந்தவர்கள் அதைத் தேடிப் பிடித்து வாங்குவார்கள்.

சாய விஷயத்தில் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். அரராத் சமவெளியின் உப்புச் சதுப்பில், புல் வேரை உண்டு வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புக்கு 'வோர்தன் கர்மிர்' என்று பெயர். புழுவின் சிவப்பு என்று பொருள். பழங்காலத்தில் பெரும் புகழ் பெற்ற சாயம் அது. ஆனால் சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கியதில் அந்தப் பூச்சி அருகிப்போய், மிச்சமுள்ள இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக வைத்திருக்கிறார்கள். ஆகவே சந்தையில் புதுக் கம்பளத்தைக் காட்டி "இது வோர்தன் கர்மிர்" என்று சொன்னால் உடனே நம்ப வேண்டாம். கம்பளங்களில் பெரும்பாலும் பார்க்கிற இயற்கைச் சிவப்பு ஒரு செடியின் வேரிலிருந்து வருகிறது, நம் மஞ்சிட்டிக்கு அது நெருங்கிய சொந்தம். அது ஒன்றும் மட்டம் இல்லை. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துச் சிவப்பின் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி சிவந்தால் வீட்டில் முதல் முறை தண்ணீர் பட்டதும் பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஸ் நிறமாகும்.

முடிச்சு எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதும் சரியில்லை. 1949 இல் சைபீரியாவின் அல்தாய் மலையில் பனி உறைந்த பழங்காலக் கல்லறை ஒன்றில் கிடைத்த பசிரிக் கம்பளத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 230 முடிச்சு. லெபனானின் கசீரில், ஒட்டோமான் துருக்கியர் நடத்திய இனப்படுகொலையில் பெற்றோரை இழந்த அர்மேனியச் சிறுமிகள் 18 மாதம் நெய்து, 1925 இல் அமெரிக்க அதிபர் கூலிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்த கம்பளத்தில் மொத்தம் 44,04,206 முடிச்சுகள். அதன் நீள அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சதுர அங்குலத்துக்குச் சுமார் 143 வருகிறது. முந்தையதைவிடக் குறைவுதான். அதற்காக அந்தப் பிள்ளைகளின் கம்பளத்தை யாராவது இரண்டாம் தரம் என்பார்களா? மலைக் கிராமங்களில் நெய்தவை இன்னும் பருமனான முடிச்சும் நீளமான கம்பளியும் கொண்டவை, குளிருக்காக அப்படி நெய்தார்கள்.

பசிரிக்கைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதிலும் இதே இரட்டை முடிச்சுதான் என்பதைக் காட்டி "2,400 வருஷத்துக்கு முன்னாடியே அர்மேனியர் நெய்தது" என்று விற்கிறவர்கள் உண்டு. அப்படிக் கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். துருக்கியரும் இதே முடிச்சைத்தான் போடுகிறார்கள், முடிச்சை வைத்து மட்டும் நெய்தவர் யார் என்று சொல்ல முடியாது. அதுபோலவே கம்பளங்களுக்குச் சொல்லும் 'கசாக்', 'கராபாக்' என்பதெல்லாம் வியாபாரப் பெயர்கள். அவற்றுக்குள் அர்மேனியப் பெண்கள் நெய்தவை நிறைய இருக்கின்றன. விஷாபகோர்க் எனப்படும் டிராகன் கம்பளம், அர்த்ஸ்வகோர்க் எனப்படும் கழுகுக் கம்பளம் என்று அர்மேனியப் பெயரிலேயே கேளுங்கள்.

எழுத்து நெய்திருந்தால் தயவுசெய்து அலங்காரம் என்று கடந்து போகாதீர்கள். நாம் க, உ என்று எழுத்துச் சாயலில் எண்களை எழுதியதுபோல அர்மேனியர்களும் எழுத்துகளையே எண்ணாகப் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய பழைய ஆண்டுக் கணக்கோடு 551 கூட்டினால் நம் ஆண்டு வரும். கோஹார் என்ற பெண் நெய்த புகழ்பெற்ற கம்பளத்தில் இருப்பதை 1149 என்று படிக்கிறார்கள், அதாவது 1700. புதிதாகக் கற்ற கையால் இதை நெய்தேன், படிப்பவர் எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவள் நெய்து வைத்திருக்கிறாள். அந்த ஒரு வரி இருப்பதால்தான் அவள் பெயர் நமக்குத் தெரிகிறது.

எங்கே வாங்குவது என்றால், குடும்பமாக நடத்தும் கடைகளில் உட்கார்ந்து பேசுங்கள். 1915 இல் தொடங்கிய அந்த இனப்படுகொலைக்குப் பிறகு சிதறிப்போன அர்மேனியர்கள் பெய்ரூட்டிலும் நியூயார்க்கிலும் கம்பளம் விற்று, கழுவி, கிழிசல் தைத்துப் பிழைத்தார்கள், அந்தக் கைப்பழக்கம் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த கடைகள் இன்றும் இருக்கின்றன. காபி கொடுப்பார்கள், குடிக்கலாம், அதற்காக வாங்கியே தீர வேண்டும் என்று கூச்சப்பட வேண்டாம். யார் நெய்தது, எந்த ஊர்க் கம்பளி, எங்கே சாயம் போட்டது, எங்காவது ஒட்டுப் போட்டிருக்கிறீர்களா, நாளைக்குக் கிழிந்தால் நீங்களே சரிசெய்வீர்களா என்று கேளுங்கள். தொழில் தெரிந்த குடும்பம் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படும். ஒட்டுப் போட்ட இடத்தை அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள். "பாதி விலை, இன்னிக்கு மட்டும்" என்கிற இடத்தில் இதையெல்லாம் கேட்க நேரமே தர மாட்டார்கள்.

பழைய கம்பளத்தை அனுமதிச் சீட்டு இல்லாமல் அர்மேனியாவிலிருந்து வெளியே கொண்டுவர முடியாது. ரசீதையும் சான்றிதழையும் கடையிலேயே கேட்டு வாங்குங்கள், விமான நிலையத்தில் போய் நிற்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நம் ஊர்ப் பழக்கத்தில் கொடியில் போட்டுத் தடியால் அடித்துவிடாதீர்கள், பாவு நூல் அறுந்துபோகும். மடித்து அலமாரியில் வைக்கவும் கூடாது, சுருட்டிப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், சென்னைப் புழுக்கத்தில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சிக்கு இருட்டும் அசையாத இடமும்தான் பிடிக்கும், அதனால் சோபாவுக்கு அடியில் போகும் பகுதியை மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். வேக்குவம் போடும்போது சுழலும் பிரஷ் வேண்டாம், குஞ்சத்தின் பக்கமே போக வேண்டாம். அப்புறம் வாங்கிய ஊர், ஆண்டு, நெய்தவர் பெயர் தெரிந்தால் அதையும் ஒரு துண்டுத் துணியில் அழியாத மையால் எழுதி, பின்பக்க மூலையில் நாலு தையல் போட்டுவிடுங்கள்.