பசங்க குடி, போதை பக்கம் போகாம இருக்க வீட்ல நாம என்ன செய்யலாம்

நிறைய வீட்ல என்ன நடக்குதுன்னா, பையனுக்கு பதினாறு வயசு ஆனப்புறம் ஒரு நாள் உட்கார வச்சு "குடிச்சேன்னு தெரிஞ்சது, வீட்டு வாசப்படி மிதிக்காத"ன்னு ஒரு பெரிய லெக்சர் குடுத்துட்டு அதோட கடமை முடிஞ்சதுன்னு விட்டுடறாங்க. அது ரொம்ப லேட். அதோட அந்த ஒரு மிரட்டல் எவ்ளோ ஆபத்துன்னு கடைசில சொல்றேன்.

பேச்ச ஆரம்பிக்க வேண்டியது 9, 10 வயசுல. பெருசா ஒண்ணும் வேணாம், சேர்ந்து படம் பாக்கும்போது ஹீரோ சோகத்துல பாட்டில எடுக்குறான்ல, அப்போ "இவன் ஏன் இப்ப குடிக்கிறான், குடிச்சா அந்தப் பிரச்சனை போயிடுமா"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க. பதில் வரட்டும். ரெண்டு நிமிஷப் பேச்சு, அவ்ளோதான், ஆனா அடிக்கடி. முகத்தப் பாத்து பேசுறத விட வண்டில போகும்போது, பாத்திரம் கழுவும்போதுதான் பசங்க மனசு விட்டுப் பேசுவாங்க, இது நான் அனுபவத்துல பாத்தது.

காரணமும் சொல்லணும். "ஈரல் கெட்டுப்போகும்"னா அது நாப்பது வருஷம் கழிச்சு வர்ற கதைன்னு அவங்களுக்குத் தோணும். அதுக்குப் பதிலா மூளையப் பத்தி சொல்லுங்க. அவசரப்படாம யோசிச்சு முடிவெடுக்க வைக்கிற முன்பக்க மூளை முழுசா வளர 25 வயசு வரைக்கும் ஆகுது, அது வளர்ந்துட்டு இருக்கும்போதே போதைய ஊத்தினா பழக்கம் சீக்கிரமா வேர் விட்டுடும். 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்க பின்னாடி குடிக்கு அடிமையாகுற வாய்ப்பு, 21 வரை தள்ளிப் போட்டவங்கள விட பல மடங்கு அதிகம். அதனால ஒவ்வொரு வருஷம் தள்ளிப்போறதும் நமக்கு லாபம்தான்.

"வெளில போய் திருட்டுத்தனமா குடிக்கிறதுக்கு நம்ம கண்ணு முன்னாடி ஒரு வாய் குடிக்கட்டுமே"ன்னு சில பேர் நல்ல மனசோடதான் சொல்றாங்க. தயவுசெஞ்சு வேணாம். ஆஸ்திரேலியாவுல பசங்கள ஆறு வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2018ல லான்செட் பப்ளிக் ஹெல்த்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல, அப்பா அம்மா குடுத்துப் பழக்கினதால எந்தப் பாதுகாப்பும் கிடைக்கல, வெளில இருந்து வாங்கிக் குடிக்கிறதுதான் கூடுச்சுன்னு தெரிஞ்சுது.

அடுத்தது நம்மள நாமளே பாக்கணும். "இன்னிக்கு செம டென்ஷன், ஒரு பெக் போட்டாதான் சரியாகும்"னு நாம சொல்றத பக்கத்துல ஹோம்வொர்க் பண்ற புள்ள கேட்டுக்கிட்டேதான் இருக்கு. பாட்டில எடுத்துட்டு வான்னு புள்ளைய அனுப்பவே அனுப்பாதீங்க.

வீட்டு அலமாரியையும் ஒரு தடவ திறந்து பாருங்க. ஆபரேஷன் முடிஞ்சு மிச்சம் இருக்குற வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் சிரப் எல்லாத்தையும் எண்ணி வச்சு பூட்டுங்க, தேவையில்லாதத வெளியேத்துங்க. பசை, தின்னர் மாதிரி மோந்து பாக்குற போதைல முதல் தடவையிலயே இதயம் நின்னு போகலாம்னு பசங்களுக்கு தெரியவே தெரியாது, நாமதான் சொல்லணும்.

"வேணாம்"னு சொல்றதையும் வீட்லயே பழக்கணும். நீங்க ஃப்ரெண்ட் மாதிரி வற்புறுத்துங்க, அவங்க தப்பிக்கட்டும். பழி நம்ம மேல போட்டா கூட பரவாயில்ல, "எங்கம்மா வாசன பாப்பாங்கடி, விடு"ன்னு சொன்னா போதும்.

என் பொண்ணுக்கு 14 வயசானப்போ ஒரு ஏற்பாடு பண்ணோம். எங்கயாவது மாட்டிக்கிட்டா "பூனைக்கு சாப்பாடு வச்சியாம்மா"ன்னு மெசேஜ் போடணும். எங்க வீட்ல பூனையே கிடையாது. அது வந்தா நான் உடனே ஃபோன் பண்ணி எல்லாருக்கும் கேக்குற மாதிரி திட்டி வரச் சொல்வேன், அப்புறம் போய்க் கூட்டிட்டு வருவேன், அன்னிக்கு ராத்திரி ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன். இதான் ஒப்பந்தம். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி பத்தே முக்காலுக்கு அந்த மெசேஜ் வந்துச்சு. வண்டில ஏறி பைய மடில வச்சு இறுக்கிப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா, லேசா வாடை வந்துச்சு, எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு, ஆனா வாயத் திறக்கல. காலைல அவளே வந்து சொன்னா. ஒரு வாய் குடிச்சிருக்கா, புடிக்கல. அவளுக்கு வாக்கு குடுத்தபடி கத்தல, ஆனா ரூல் ரூல்தான்னு ஒரு மாசம் ராத்திரி வெளில போறத நிறுத்தினோம். அவளும் ஒத்துக்கிட்டா.

அப்போதான் இன்னொண்ணும் சொன்னா, அங்க ஒரு பொண்ணு அளவுக்கு மீறிக் குடிச்சு மயங்கிட்டாளாம், வீட்டுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்கன்னு பயந்து தூங்கட்டும்னு ரூம்ல தனியா விட்டுட்டாங்களாம். நல்லவேளையா அவளுக்கு ஒண்ணும் ஆகல. வாசப்படி மிதிக்காதன்னு மிரட்டுறது இங்கதான் கொண்டுபோய் விடுது, அந்த நேரத்துல பசங்க பெரியவங்களக் கூப்பிட மாட்டாங்க. அதனால இத உங்க பசங்களுக்கு இன்னிக்கே சொல்லிக் குடுங்க: யாராவது எழுப்பியும் எழுந்திரிக்கலன்னா, மூச்சு மெதுவாவோ விட்டு விட்டோ வந்தா, உதடு நீலமா மாறினா உடனே ஆம்புலன்ஸ கூப்பிடணும், வாந்தி தொண்டைல அடைக்காம இருக்க ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், காபி குடுக்குறது, பச்சத்தண்ணி ஊத்துறது, வாந்தி எடுக்க வைக்கிறது எதுவும் கூடாது, தனியா விடவே கூடாது, என்ன குடிச்சாங்க என்ன போட்டாங்கன்னு வர்றவங்ககிட்ட மறைக்காம சொல்லணும்.